அம்மாவின் அறைக் காற்றைப் பரிசோதித்த அனுபவம்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் செங்கோட்டைக்குள் இறங்கிவிடும் என்பதால், சுவரில் ஓதம் அடிப்பதையும் செருப்பில் பூசணம் பிடிப்பதையும் இங்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், சாரல் ஓய்ந்து வெயில் வந்த பிறகும் அம்மாவின் அறையில் மட்டும் நனைந்த கோணிச் சாக்கின் வாடை போகவில்லை. சுவரில் கறை எதுவும் தென்படவில்லை. அம்மாவின் மூச்சிரைப்புக்குப் பூஞ்சைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அறையில் ஈரம் இருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள் என்றார் தென்காசி மருத்துவர். வீட்டுக்காரரோ, "சாரல் காலத்தில் எந்த வீட்டில்தான் இந்த வாடை இல்லை?" என்று முடித்துக்கொண்டார்.

பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. ஈரத்தை நிறுத்திச் சுத்தம் செய்தால் போதும் என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. எங்களுக்கு வாடை மட்டுமே இருந்தது, இடம் தெரியவில்லை. அதனால்தான் ஆய்வகத்தைத் தேடினோம்.

முதலில் பேசிய இடத்தில், பூஞ்சை வளர்வதற்கான ஊடகம் நிரப்பிய பெட்ரித் தட்டு ஒன்றை அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து அனுப்பினால் போதும் என்றார்கள். தட்டில் விழும் பூஞ்சை வித்துகள் எவ்வளவு காற்றிலிருந்து வந்தன என்பதை அது சொல்லாது. கனமான வித்துகள் சீக்கிரம் படியும், சிறியவை மிதந்துகொண்டே இருக்கும். அதனால் அதை விட்டுவிட்டேன். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து வழங்கப்படும் என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அந்த அங்கீகாரம் எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு என்ற பட்டியலையும் கேட்க வேண்டும். குடிநீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய ஆய்வகமும் அதே முத்திரையைத்தான் காட்டும்.

கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தொழில்நுட்பர் வந்தார். முந்தைய நாளே ஜன்னல்களை அடைத்து வைக்கவும், அறையைப் பெருக்காமல் விடவும் சொல்லியிருந்தார். மூச்சு விடும் உயரத்தில் முக்காலியை நிறுத்தி, பம்பின் வேகத்தை மீட்டரில் சரிபார்த்து, சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் முத்திரைத் தாளை உரித்துப் பொருத்தினார். உள்ளே இருக்கும் பசைக் கண்ணாடியில் வித்துகள் ஒட்டிக்கொள்ளுமாம். எட்டிப் பார்க்க வந்த அம்மாவை, "கொஞ்சம் வெளியே இருங்கம்மா, நடந்தால் தூசி எழும்பும்" என்று பணிவாகத் தடுத்தார். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடம், மொத்தம் 75 லிட்டர் காற்று. அதே அளவு கூடத்திலும், வாசலுக்கு வெளியிலும் எடுத்தார். வெளிமாதிரி இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுப்பதே வீண் என்பது என் கருத்து.

அறிக்கை கன மீட்டர் கணக்கில் வந்தது. 75 லிட்டரை 1000 லிட்டராகப் பெருக்குவதால், நுண்ணோக்கியில் கண்ட ஒரே ஒரு வித்து தாளில் 13 ஆகிவிடுகிறது. எனவே சிறு வேறுபாடுகளைக் கண்டு பதறத் தேவையில்லை. "மிகுதி" என்ற குறிப்பைப் பார்த்து, எந்த வரம்பை மீறி மிகுதி என்று கேட்டேன். அப்படி ஒரு வரம்பு இல்லை, உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் எண் எதுவும் குறிக்கப்படவில்லை, உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டே எழுதினோம் என்று ஆய்வாளர் ஒளிக்காமல் சொன்னார். ஒப்பீடு தெளிவாகவே இருந்தது: வெளியிலும் கூடத்திலும் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை முன்னிற்க, அம்மாவின் அறையில் மட்டும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகள் பல மடங்கு. இவ்விரண்டின் வித்துகளும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரிவதால் சேர்த்தே எழுதுவார்கள். பிரித்தறிய வேண்டுமானால் ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும், செலவும் தனி. எது வளர்ந்தாலும் செய்யப்போகும் வேலை ஒன்றுதான் என்பதால் வேண்டாம் என்றேன்.

இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஈரமானிதான். சுவர் அலமாரியின் கீழ் மூலையை நெருங்க நெருங்க அதன் அளவு ஏறியது. அதற்கு மறுபக்கம் குளியலறை. வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டே தச்சர் பின்பலகையைக் கழற்ற, பிளைவுட்டின் முதுகு முழுவதும் கறுத்திருந்தது. சுவருக்குள் புதைத்த குழாயின் எல்போவில் நீர் கசிந்துகொண்டிருந்தது. பலகையில் டேப் ஒட்டி எடுத்த மாதிரியில், காற்று மாதிரியில் காணாத ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற பூஞ்சையும் இருந்தது. அதன் வித்துகள் பிசுபிசுப்பானவை, ஈரம் இருக்கும்வரை காற்றில் எளிதில் கிளம்புவதில்லை. காற்றில் இல்லை என்பதால் வீட்டிலேயே இல்லை என்று கொள்ள முடியாது என்பதை அங்கேதான் கண்டேன்.

அதன்பின் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. குழாய் மாற்றி, பலகையை அப்புறப்படுத்தி, பூச்சைச் செதுக்கிய பிறகு, அம்மாவின் அறையிலும் வாசலிலும் மட்டும் மறுமாதிரி எடுக்கச் செய்தோம்; வகைகளும் அளவும் வெளிக்காற்றை ஒத்து வந்தன. சுவரில் மட்டும் ஈரமானி இன்னும் சற்று உயர்வாகவே காட்டுகிறது. ஐப்பசி மழையும் வரவிருப்பதால், பட்டி பூசும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம்.