ராகியும் தாழ்ப்பாளும்

மே 11, ஞாயிறு

ராத்திரி எங்கள் பூனை ராகி வீட்டுக்கு வரவில்லை. மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டதால் காவேரிப்பட்டணத்தில் விடிய விடிய லோடு வண்டிதான். ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஐந்தரைக்கு வந்தாள். வாயில் அணில் குஞ்சு. அதை வாசலில் கிடந்த என் செருப்பின் மேல் வைத்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வால் முடிகூட முழுசாக வளராத குஞ்சு. வயிறு இரண்டு முறை ஏறி இறங்கியது, அப்புறம் இல்லை. ராத்திரி அவள் தட்டில் வைத்த மீன் சோறு அப்படியே இருந்தது. பசிக்காகப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"இனிமேல் இவளை வெளியே விடமாட்டேன்" என்றேன். அப்பா பல் துலக்கிக்கொண்டே, "எலி பிடிக்கத்தானேம்மா கொண்டுவந்தோம்? கூண்டில் வைக்க அது என்ன கிளியா?" (கிளியையும் கூண்டில் வைக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும் என்று விட்டுவிட்டேன்.)

மே 13, செவ்வாய்

ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துச் சட்டத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை அங்கே வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும்.

"அந்த ஊரில் பூனையே கிடையாதாமே, வெள்ளைக்காரன் கொண்டுபோனதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. அங்குள்ள பறவைகளுக்குப் பூனை புது எதிரி. இங்கே காட்டுப்பூனை காலங்காலமாக இருக்கிறது. ஆனால் காட்டுப்பூனைக்கு யாரும் மீன் சோறு வைப்பதில்லை. இரை குறைந்தால் அதுவும் குறைந்துபோகும். எங்கள் தெருவிலோ இரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழெட்டுப் பூனை.

மே 16, வெள்ளி

பின்தெரு மாங்காய் ஷெட்டில் எலி மருந்து வைத்திருக்கிறார்களாம். பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "பாப்பா, பூனையை நாலு நாள் உள்ளேயே போட்டு வை" என்றார். மருந்து தின்ற எலி தள்ளாடும், சுலபமாக மாட்டும். அதைத் தின்றால் பூனைக்கும் அதே கதிதான். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

பழைய பிளாஸ்டிக் தொட்டியில் எம்-சாண்ட் சலித்துப் போட்டு வைத்தேன். ராகி அதில் படுத்துத் தூங்கினாள். மற்ற காரியத்துக்கு அப்பாவின் வேட்டி.

மூன்று மணி வரை கத்தல். ஜன்னல் கம்பியில் தலையை நுழைத்துக்கொண்டு கத்தினாள், தெருவுக்கே தூக்கம் போயிருக்கும்.

மே 24, சனி

கால்நடை மருத்துவரிடம் போனோம். வெறிநாய்க்கடி ஊசியை மூன்று மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும், இவளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. கருத்தடைக்கும் நாள் குறித்தாயிற்று. பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான், குட்டி பால் குடிக்கும்போதே அடுத்த ஈடு தரித்துவிடலாம் என்றார் டாக்டர். வரும் வழியில் அப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

ஜூன் 3, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் முடி மழித்த இடத்தை நக்க விடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. காயம் ஆறிய பிறகு பகலில் கொல்லைப்பக்கம் மட்டும், அதுவும் வெயில் ஏறிய பின். விடியலும் அந்தியும்தான் குருவிகள் தரையில் இறங்கும் நேரம், இவள் வேட்டை நேரமும் அதுதான். இரவில் இவளுக்குக் கேழ்வரகு மூட்டை வைத்திருக்கும் அறை. அங்கே எலிக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள்கூட வெளியே விடாதே என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் ஓட்டு வீட்டில், நாலு பேர் வந்துபோகும் இடத்தில், அதை நடத்திக்காட்ட என்னால் ஆகாது.

காலையில் முருங்கை மரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே கூச்சல். ராகி ஜன்னலில் உட்கார்ந்து, வாய் நடுங்க 'கெக்கெக்' என்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காபியோடு வந்தவர், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.