சாமுவேல் லிட்டில் வரைந்த முகங்கள்

எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பு, வண்ணச் சுண்ணத்தால் வரையப்பட்ட பெண் முகங்கள் பலவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊரும் தோராயமான ஆண்டும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண்களைக் கொன்றவனே, சிறையில் இருந்தபடி, நினைவிலிருந்து அவர்களை வரைந்தான். கண்ணின் வடிவத்தையும் முடியை வாரியிருந்த விதத்தையும் பல பத்தாண்டுகள் மறக்காதிருந்தவன், அவர்களுள் பலருடைய பெயரை அறிந்திருக்கவே இல்லை என்பதுதான் அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து என்னை விடாமல் அலைக்கழிக்கிறது.

சாமுவேல் லிட்டில் 1940ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, ஒஹாயோவின் லொரெய்ன் நகரில் வளர்ந்தான். குத்துச்சண்டை பழகியவன், ஓரிடத்தில் நிலைத்து வாழாமல் திருட்டும் அடிதடியுமாக மாநிலம் மாநிலமாகக் காரில் சுற்றியவன். 1975க்குள் பதினொரு மாநிலங்களில் 26 முறை கைதாகியிருந்தான். அவனே பின்னர் சொன்ன கணக்கின்படி, முதல் கொலை 1970ஆம் ஆண்டின் கடைசி நாளில் மயாமியில் நடந்தது.

அவன் தப்பித்துக்கொண்டே இருந்ததற்கு அவனுடைய சாமர்த்தியத்தைக் காரணமாகச் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. அவன் கையாண்ட முறை அவனுக்கு உதவியது உண்மைதான். குத்தித் தாக்கிவிட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்றதால், துப்பாக்கிக் காயமோ கத்திக் காயமோ உடலில் இல்லை. நாள் கடந்து கண்டெடுக்கப்பட்ட உடல்கள் பலவற்றில் மரணத்துக்குக் காரணம் அளவு மீறிய போதைப்பொருள் என்றோ, விபத்து என்றோ, தெரியவில்லை என்றோ எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் அவன் தேர்ந்தெடுத்த பெண்களில் பலர் பாலியல் தொழிலில் இருந்தவர்கள், போதைக்கு அடிமையானவர்கள், வீட்டாரை விட்டு விலகி வாழ்ந்தவர்கள். அவர்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை.

பிழைத்து வந்து சொன்னவர்களுக்கும் நீதி கிடைத்துவிடவில்லை. 1976இல் மிசௌரி மாநிலத்தில், கைகள் கட்டப்பட்டு, பாதி ஆடையுடன் ஒரு பெண் தப்பி ஓடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். லிட்டில் பிடிபட்டான், குற்றமும் உறுதியானது. தண்டனை மூன்று மாதச் சிறை. 1982இல் மிசிசிப்பியின் பஸ்ககுலா நகரில் ஓர் இளம்பெண்ணின் கொலைக்காகக் கைதானபோது, வழக்கு தொடர்வதா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான பெருநடுவர் குழு அவன்மீது குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. அடுத்து ஃப்ளோரிடாவில் இன்னொரு கொலைக்காக வழக்கை எதிர்கொண்டு, 1984 ஜனவரியில் விடுதலையானான். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோவில் நினைவிழந்த ஒரு பெண்ணோடு அவன் காரில் இருந்ததைக் காவலர்களே நேரில் கண்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அவன் வேறொரு பெண்ணைத் தாக்கி, இறந்துவிட்டாள் என்று விட்டுச் சென்றிருந்தான். இரண்டு வழக்குகளுக்கும் சேர்த்து அவன் சிறையிலிருந்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. 1987 பிப்ரவரியில் வெளியே வந்தவன் நேராக லாஸ் ஏஞ்சலஸ் சென்றான். அந்நகரில் அதன்பின் அவன் கையால் செத்தவர்கள், சான் டியேகோவில் அந்த இரண்டு பெண்களின் சாட்சியம் முழுமையாக மதிக்கப்பட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்கள்.

2012 செப்டம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரில் வீடற்றோருக்கான விடுதி ஒன்றில் அவன் பிடிபட்டது, ஒரு போதைப்பொருள் வழக்குக்காக. கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்து மரபணுவைச் சோதித்தபோது, 1987, 1989ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸில் கொல்லப்பட்ட மூன்று பெண்களின் வழக்குகளோடு அது பொருந்தியது. 2014இல் நடந்த விசாரணையில், மிசிசிப்பியில் அவனிடம் சிக்கிப் பிழைத்த பெண்கள் முப்பதாண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். பரோல் இல்லாத மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவனோ தான் நிரபராதி என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

டெக்சஸ் மாநிலத்தின் ஒடெஸா நகரில் 1994இல் நடந்த ஒரு கொலையில் அவன்மீது ஐயம் எழ, 2018இல் டெக்சஸ் ரேஞ்சர் எனப்படும் மாநிலப் புலனாய்வுக் காவல் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாலண்ட் என்ற அதிகாரி சிறையில் அவனைச் சந்தித்தார். வேறு சிறைக்கு மாற வேண்டும் என்பது லிட்டிலின் விருப்பம்; அதற்கு ஈடாக அவன் பேசத் தொடங்கினான். 1970க்கும் 2005க்கும் இடையில் 93 பேரைக் கொன்றதாகச் சொன்னான். ஊர், சாலை, உடலை விட்ட இடம் என்று நுணுக்கமாகச் சொன்னவனின் கையில் வண்ணங்களும் தாளும் கொடுக்கப்பட்டன.

ஒப்புதல் வாக்குமூலத்தை அப்படியே நம்பிவிட முடியாது. 1980களில் அதே டெக்சஸில் ஹென்றி லீ லூக்கஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டு, அவற்றில் மிகப் பல பொய்யென்று பின்னர் தெரியவந்தது. எனவே லிட்டில் சொன்ன ஒவ்வொன்றையும் பழைய கோப்புகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் ஐம்பது கொலைகள் பொருந்திவிட்டன என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது; மற்றவையும் நம்பத் தகுந்தவை என்றும், அமெரிக்க வரலாற்றிலேயே மிக அதிகமானோரைக் கொன்ற தொடர் கொலையாளி அவனே என்றும் சொன்னது. தாயின் மரணம் போதைப்பொருளால் நேர்ந்தது என்று நம்பி வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, அது கொலை என்று பல பத்தாண்டுகள் கழித்துச் சொல்லப்படுவது ஆறுதலா, புதிய காயமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எப்படியாயினும், உண்மை அந்தப் பிள்ளைக்கு உரியது.

2020 டிசம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில், சிறைக் கைதியாகவே, தன் 80ஆம் வயதில் லிட்டில் இறந்தான். எஃப்.பி.ஐ. 2019இல் பொதுமக்களிடம் உதவி கேட்டு வெளியிட்ட வழக்குகளில் ஒன்று, 1970களின் தொடக்கத்தில் மயாமியில் அவன் சந்தித்த பதினெட்டு பத்தொன்பது வயதுத் திருநங்கையுடையது. அவளைச் சதுப்பு நிலத்து நீரில் விட்டதாக அவன் சொன்னான். அவளைப் பற்றி அவன் சொன்ன வார்த்தைகள் காவல்துறைக் கோப்பில் இருக்கின்றன. அவளை அறிந்த வேறொருவர் சொல்லும் வார்த்தை அதன் பக்கத்தில் ஒன்றாவது சேர வேண்டும்.