கருந்துளைக்குத் தூசிதான் சாட்சி

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வீடு நாகமலைப் புதுக்கோட்டையில். பகல் முழுக்க வகுப்பு, லேப், ரெக்கார்டு நோட்டு என்று போய்விடும். ராத்திரி சாப்பாட்டுக் கடையெல்லாம் முடிந்து, மகன் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தால் அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. அப்போது நான் பார்ப்பது ஆக்டிவ் கேலக்ஸிகள். நடுவில் இருக்கும் கருந்துளை மும்முரமாக இரை எடுத்துக்கொண்டிருக்கும் கேலக்ஸிகள்.

இதைச் சொன்னதும், "கருந்துளையைத்தான் பார்க்கவே முடியாதே, அப்புறம் என்னத்த ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் பார்ப்பது கருந்துளையைச் சுற்றியிருக்கும் தூசியை. வானியலில் தூசிக்கு நல்ல பெயர் கிடையாது. பார்க்க வேண்டியதை மறைத்துவிடும் என்று திட்டு வாங்கியே பழகியது. ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்று நம்பிக் கேட்கக்கூடிய ஒரு சாட்சி உண்டென்றால் அது அந்தத் தூசிதான் என்பது என் கட்சி. அந்தச் சாட்சி பேசுவது அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் அனலாக உணரும் ஒளியில்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கேலக்ஸிகள் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது ஏறக்குறைய 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. இப்போது அது அமைதியாக இருக்கிறது. சில கேலக்ஸிகளில் மட்டும் கருந்துளையை நோக்கி வாயு தொடர்ந்து வந்து விழுகிறது. விழும் வாயு தட்டாகச் சுழன்று, உரசிச் சூடேறி, புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொழுந்துவிட்டு எரிகிறது. 1943இல் கார்ல் சீஃபர்ட் இப்படிப்பட்ட சில கேலக்ஸிகளின் விசித்திரமான நிறமாலையைப் பற்றி எழுதினார். 1963இல் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற நட்சத்திரம் போன்ற புள்ளி உண்மையில் வெகு தொலைவில் இருக்கும் குவாசர், அதாவது நட்சத்திரம் போலத் தெரியும் அளவுக்கு நடுப்பகுதி பிரகாசமான கேலக்ஸி, என்று கண்டுபிடித்தார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சமாச்சாரம், இரை எடுக்கும் கருந்துளை, என்பது பிறகுதான் தெளிவானது.

சீஃபர்ட் கேலக்ஸிகளில் இரண்டு வகை. முதல் வகையின் நிறமாலையில் அகலமான கோடுகள் தெரியும். கருந்துளைக்குப் பக்கத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் வாயுவிலிருந்து வருபவை அவை. இரண்டாம் வகையில் அவை இருக்காது. 1985இல் அந்தோனுச்சியும் மில்லரும் இரண்டாம் வகையைச் சேர்ந்த என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியின் முனைவாக்கப்பட்ட (எதிலாவது பட்டுச் சிதறி, ஒரே திசையில் அதிரும்) ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அகலமான கோடுகள் அதில் இருந்தன. உள்ளே எல்லாம் முதல் வகையில் உள்ளபடியேதான். நமக்கும் அதற்கும் நடுவே தூசி நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளிருந்து வந்த ஒளி வேறு இடத்தில் பட்டுச் சிதறி, சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறது.

அந்தத் தூசி தான் விழுங்கிய ஒளியை என்ன செய்கிறது என்பதில்தான் என் கதை தொடங்குகிறது.

எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான் கீழக்குயில்குடி சமணர் மலை. சித்திரை, வைகாசியில் மாணவர்களைச் சாயங்காலம் அங்கே கூட்டிப்போவேன். சூரியன் மறைந்து வெகுநேரம் ஆகியும் பாறையில் உட்கார முடியாது. கையைப் பாறைமேல் படாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே உள்ளங்கையில் அனல் தெரியும். கண்ணுக்கு இருட்டு, ஆனால் பாறை 9, 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்தில் ஒளி விட்டுக்கொண்டிருக்கிறது. பகலில் வாங்கியதை அகச்சிவப்பாகத் திருப்பித் தருகிறது. கருந்துளையைச் சுற்றியுள்ள தூசியும் இதையேதான் செய்கிறது. இன்னொரு உறவும் உண்டு. அந்தத் தூசியின் முக்கியமான பகுதி சிலிக்கேட். சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த அதே பிணைப்புதான் இந்தக் கருங்கல்லிலும் வைகை மணலிலும் இருக்கிறது. அந்தப் பிணைப்பு அதிர்வது 9.7 மைக்ரானுக்குப் பக்கத்தில். தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கேலக்ஸியின் நிறமாலையில் சரியாக அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். தூசியின் சூடான முகம் நமக்கு நேராகத் தெரியும் கேலக்ஸிகளில் அங்கே மேடு இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. அந்த மேட்டை 2005இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது.

அந்தப் பாறையில் வைத்துத்தான் உசிலம்பட்டியிலிருந்து வந்து என்னிடம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த மாணவி கேட்டாள்: "மேடம், அப்ப அந்தத் தூசியும் பாறை மாதிரி சூட்டைப் பிடிச்சு வெச்சிட்டு, லேட்டாத்தான் விடுமா?"

அருமையான கேள்வி. பதில், இல்லை. பாறை தாமதிப்பது அதன் கனத்தால். அங்கே இருப்பதோ ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். ஒளி பட்டால் நொடிகளுக்குள் சூடாகும், நின்றால் நொடிகளுக்குள் ஆறிவிடும். ஆனாலும் நாம் பார்க்கும்போது தாமதம் இருக்கிறது. தட்டு பிரகாசமாகி சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் அகச்சிவப்பு கூடுகிறது. தூசி தள்ளி இருப்பதால் வரும் தாமதம் அது. ஒளி தட்டிலிருந்து தூசிக்குப் போய், அங்கிருந்து நம்மை நோக்கிக் கிளம்ப வேண்டும். ஆகவே தாமதத்தை அளந்தால் தூரத்தை அளந்தாயிற்று.

ஏறக்குறைய 5 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் என்ஜிசி 4151 இதற்குப் பேர்போன உதாரணம். ஹவாயில் ஹாலியகாலா மலைமேல் ஜப்பானியர்கள் வைத்திருந்த மேக்னம் என்ற 2 மீட்டர் தொலைநோக்கி, அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் 2.2 மைக்ரானிலும் வருடக்கணக்கில் விடாமல் பார்த்தது. முன்னதன் ஏற்ற இறக்கம் 2.2 மைக்ரானில் ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு மேல் வரை பிந்தி வந்தது. 50 நாள் என்று வைத்துக்கொண்டால், தூசியின் உள்விளிம்பு கருந்துளையிலிருந்து 1.3 லட்சம் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஏன் அந்தத் தூரம்? அதற்கு உள்ளே போனால் வெப்பம் ஏறக்குறைய 1500 கெல்வினைத் தாண்டிவிடும், தூசி ஆவியாகிவிடும். கருந்துளையின் உணவு கூடினால் விளிம்பு வெளியே தள்ளப்படும், குறைந்தால் உள்ளே வரும். என்ஜிசி 4151இல் தாமதம் காலத்துக்குக் காலம் வேறாக இருந்தது என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தூசி அங்கே சும்மா நிற்கவில்லை, நடுவில் நடப்பதற்கு ஏற்ப இடம் மாறுகிறது.

இந்தத் தூரம் வானத்தில் எவ்வளவு சிறியது என்றால், ஒரு பாகையை 3600 கூறாக்கி, அதில் ஒன்றை ஆயிரம் கூறாக்கினால் கிடைப்பதில் பாதிதான். 10 மீட்டர் தொலைநோக்கி ஒன்று தனியாக இதைப் பிரித்துக் காட்டாது. 2003இல் ஹவாயின் மௌனா கியாவில் 85 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கெக் தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து என்ஜிசி 4151இன் நடுப்பகுதியை அளந்தார்கள். பிறகு சிலியில் பரனால் மலையில், நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளைச் சேர்க்கும் கிராவிட்டி கருவி வந்தது. 2018இல் அது 3சி 273இன் வேகமான வாயு சுழல்வதையே பிரித்துக் காட்டி, கருந்துளையின் நிறை ஏறக்குறைய 30 கோடி சூரியன்கள் என்று சொன்னது. அதுவும் 2.2 மைக்ரான் அகச்சிவப்பில்தான்.

இந்த அளவீடுகள் வந்தபிறகும் பாடப்புத்தகங்கள் தூசியைக் கொழுத்த வளையமாகவே வரைவது எனக்கு உடன்பாடில்லை. சிர்சினஸ் கேலக்ஸியில் 10 மைக்ரான் பக்கம் வரும் ஒளியில் பெரும்பகுதி, தட்டின் தளத்தில் இல்லாமல் அதன் அச்சுத் திசையில் நீண்டு கிடப்பதைப் பரனால் கருவிகள் காட்டிவிட்டன. வேறு சில கேலக்ஸிகளிலும் அப்படியே. கருந்துளைப் பக்கத்து ஒளியின் அழுத்தம் தூசியைக் காற்றாக மேலே ஊதித் தள்ளுகிறது என்பது பொருத்தமான விளக்கம். நான் கரும்பலகையில் உள்ளே தடிப்பு குறைந்த தட்டும், மேலும் கீழும் எழும்பும் தூசிக் காற்றுமாகத்தான் வரைகிறேன். பரீட்சைக்கு வளையம் வரைந்தாலும் மதிப்பெண் உண்டு, ஆனால் மனதில் காற்றும் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

சரி, சாட்சி என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். சில ஆக்டிவ் கேலக்ஸிகள் வகை மாறுகின்றன. மார்க்கேரியன் 1018 என்று ஒன்று. அது 1980களில் மங்கலான நிலையிலிருந்து முழுப் பிரகாசமான முதல் வகைக்கு மாறியது. ஏறக்குறைய 30 வருடம் அப்படியே இருந்துவிட்டு, 2015இல் எடுத்த நிறமாலையில் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. என்ன ஆயிற்று? இரண்டு வாய்ப்பு. ஒரு தூசி மேகம் குறுக்கே வந்து மறைத்திருக்கலாம். அல்லது கருந்துளைக்கு உணவே குறைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மங்கல்தான்.

இங்கேதான் அகச்சிவப்பைக் கூண்டில் ஏற்ற வேண்டும். மேகம் மறைப்பது நம் பார்வைக் கோட்டை மட்டும்தான். மற்ற எல்லாத் திசையிலும் இருக்கும் தூசிக்கு நடுப்பகுதி முன்போலவே தெரிந்துகொண்டிருக்கும். அது வாங்குவதும் குறையாது, தருவதும் குறையாது. நடுப்பகுதியே அணைந்தால், ஒளி போய்ச் சேரும் நேரம் கழித்து அகச்சிவப்பும் இறங்கியாக வேண்டும். இப்படி வகை மாறிய பல கேலக்ஸிகளை அகச்சிவப்பில் முழு வானத்தையும் படம் எடுத்த நாசாவின் வைஸ் விண்கலத்தின் தரவில் தேடியபோது, அகச்சிவப்பும் கூடவே ஏறி இறங்கியிருந்தது. பெரும்பாலும் உணவுதான் மாறியிருக்கிறது. மார்க்கேரியன் 1018இல் எக்ஸ் கதிர்களிலும் குறுக்கே மேகம் வந்த தடயம் இல்லை. லட்சக்கணக்கான வருடம் எடுக்கும் என்று நினைத்த மாற்றம் நம் ஒருவர் ஆயுளுக்குள் நடக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு தலைப்பில் மனம் போகவில்லை.

இதற்கு மதுரையில் என்ன வசதி? இங்கே ஈரக் காற்று. நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் நம் நாட்டில் இந்த வேலைக்கு அபு மலையின் குருசிகரத்துக்கும், 4500 மீட்டர் உயர லடாக்கின் ஹன்லேவுக்கும் போகிறார்கள். பக்கத்திலிருக்கும் கொடைக்கானல் வானாய்வகம் சூரியனுக்கானது. ஆனால் வைஸ் எடுத்த அத்தனையும் பொதுவில் கிடக்கிறது. இணைய வசதியும் பொறுமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வைஸ் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 2009 டிசம்பரில் ஏவினார்கள். உறைந்த ஹைட்ரஜனை வைத்துக் குளிரூட்டினார்கள். 2010லேயே அது தீர்ந்துவிட்டது. 2011 தொடக்கத்தில் உறங்கவைத்து, 2013 கடைசியில் மறுபடி எழுப்பினார்கள். அதன்பின் 3.4, 4.6 மைக்ரான் என்ற இரண்டு பட்டைகள் மட்டும். ஒரே இடத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வந்தது, வந்தபோதெல்லாம் ஒரு டஜன் பக்கமாகப் படம் எடுத்தது. ஆகவே நீங்கள் ஒரு குவாசரின் அட்டவணையை இறக்கி வரைந்தால் முதலில் 2010 புள்ளிகள், அப்புறம் வெறும் வெளி, அப்புறம் அரை வருடத்துக்கு ஒரு கொத்து. நிலா வெளிச்சம் பட்ட வரிசைகளுக்குக் குறி போட்டிருப்பார்கள், அவற்றை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கொத்துக்கும் இடைநிலை மதிப்பு எடுத்தால் ஒரு புள்ளி. வாரக்கணக்கில் தாமதிக்கும் சிறிய கேலக்ஸிக்கு இது போதாது. வருடக்கணக்கில் தாமதிக்கும் பெரிய குவாசருக்கு இதைவிட நல்ல தரவு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. 3.4, 4.6 மைக்ரான் பட்டைகளுக்கு இடையே ஒளியளவு (மேக்னிட்யூட்) வித்தியாசம் 0.8க்கு மேல் இருந்தால் ஆக்டிவ் கேலக்ஸி என்று ஒரு விதி உண்டு. பிரகாசமானவற்றுக்குச் சரி. கருந்துளை மெதுவாக உண்ணும் கேலக்ஸியில் நட்சத்திரங்களின் ஒளி அதை அமுக்கிவிடும், விதி தவறவிடும். அங்கே ஜேம்ஸ் வெப் போன்ற கருவியில் 14.3 மைக்ரான் நியான் கோட்டைத் தேடுவதுதான் உறுதியான வழி. நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியான் அது. சாதாரண நட்சத்திரங்களின் ஒளிக்கு அந்த வலு இல்லை.

2024 ஆகஸ்டில் வைஸை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் போன ஸ்பியரெக்ஸ், 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 நிறங்களில் 6 மாதத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் படம் பிடிக்கிறது. அதன் தரவும் பொதுவில் வருகிறது. இரண்டையும் ஒரே கோடாக இணைப்பதுதான் இப்போது நானும் அந்த மாணவியும் பார்க்கும் வேலை. 3.4 மைக்ரான் பட்டைக்கு ஈடாகும் நிறங்களைக் கூட்டி, அதே படத்தில் பக்கத்தில் இருக்கும், ஒளி மாறாத நட்சத்திரங்களை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறோம். 3சி 273ஐ இப்போதைக்கு எடுக்கவில்லை; அதன் ஜெட், அதாவது கருந்துளைப் பக்கத்திலிருந்து பீறிடும் தாரை, விடும் ஒளியும் அகச்சிவப்பில் கலந்து வருவதால் தூசியின் பங்கைப் பிரிப்பது கஷ்டம். ஜெட் வலுவில்லாத குவாசர்களாகத் தேர்ந்தெடுத்து, 2010இலிருந்து தொடராக இறங்கிக்கொண்டே வருபவை எவை என்று முதலில் பட்டியல் எடுக்கிறோம்.