வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது

அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேடு இருக்கும். விபத்துப் பதிவேடு என்று பெயர், நாங்கள் ஏ.ஆர். என்போம். அடிதடி, விஷம், பஸ் மோதியது என்று போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய எந்த நோயாளி வந்தாலும் முதலில் அதில் ஏற்ற வேண்டும். பெயர், வயது, அடையாள மச்சம் இரண்டு, கூட்டி வந்தவர் யார், காயம் எப்படி ஏற்பட்டது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் 28 வருட மருத்துவப் பணியில் என் பேனா அதிகம் தயங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் தயங்காமல்தான் எழுதியது. தயக்கமெல்லாம் பிறகு வந்தது.

1991இல் பணியில் சேர்ந்தேன். பெரும்பகுதி செட்டிநாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் கழிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் என்றதும் பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் நினைவுக்கு வரும். எனக்குச் சாவிக்கொத்து நினைவுக்கு வரும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கும்தான் வீடு முழுதாகத் திறக்கும். அன்றைக்கு உள்ளறைகளில் இருக்கும் வெள்ளியையும் மங்குச் சாமானையும் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் முதல் சந்தேகம் சாவிக்கொத்து வைத்திருக்கும் ஆள் மேல் விழும். வீடு பார்த்துக்கொள்பவர், சமையல்காரர், பெருக்க வரும் பெண். அவர்களில் சிலர் இரண்டொரு நாளில் எங்கள் மருத்துவமனைக்கு வருவார்கள், காவலர்கள் துணையோடு.

1994இல் ஓர் இரவு அப்படி ஒருவர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். இடது முன்கை வீங்கியிருந்தது. செருப்பில்லாத பாதங்களைத் தரையில் முழுதாக ஊன்றாமல், வெளிவிளிம்பால் நடந்து வந்தார். "ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் டாக்டர்," என்றார் கூட வந்த ஏட்டு. நான் நோயாளியைக் கேட்டேன். அவர் ஏட்டைப் பார்த்தார். பிறகு என் மேசை மேலிருந்த டார்ச் விளக்கைப் பார்த்தபடி, "வழுக்கிவிட்டது அம்மா," என்றார். பதிவேட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன், அதில் இன்னும் கௌரவமாக இருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தத் தகுதியானவர் என்ற சான்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

எக்ஸ்ரேயை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். ஊன்றிய உள்ளங்கை வழியாக அதிர்ச்சி ஏறி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்க எலும்பின் கீழ்நுனியில் முறியும். இந்த மனிதருக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்க எலும்பு மட்டும் குறுக்காக முறிந்திருந்தது. தலையை நோக்கி வரும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது முன்னால் நிற்பது அந்த எலும்புதான். எலும்பு முறிவுப் பாடநூலில் இதற்கு நைட்ஸ்டிக் முறிவு என்று பெயர். நைட்ஸ்டிக் என்பது அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் செருகியிருக்கும் தடி. ஸ்டேஷன் தரையைக் குற்றம் சாட்டி நான் எழுதிய காயத்துக்கு, மருத்துவ உலகம் எப்போதோ லத்தியின் பெயரைச் சூட்டியிருந்தது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அவர் திருடினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லும்போது, 'பிறகு அந்த வெள்ளிப் பாத்திரம் பரணிலிருந்தே கிடைத்தது' என்று முடித்தால் கேட்பவர்களுக்கு நிம்மதி. நிரபராதியை அடித்துவிட்டார்களே என்று வருத்தப்படலாம். திருடியிருந்தால்? அந்த எலும்பு அப்போதும் அதே இடத்தில்தான் முறிந்திருக்கும்.

பயந்துதான் எழுதினீர்களா என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். பயம் என்று சொன்னால் எனக்கு வசதி. ஆனால் யாரும் மிரட்டவில்லை. நடுராத்திரியில் குடித்துவிட்டு நாற்பது பேர் வந்து கண்ணாடியை உடைத்தால் நாங்கள் போன் போடுவது அந்த ஸ்டேஷனுக்குத்தான். பத்து நிமிடத்தில் வந்து நிற்பவர் அதே ஏட்டு. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவோருக்கு எதிராக 2008இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன் கீழ் வழக்குப் போட வேண்டியவரும் அவரே. பிரேதப் பரிசோதனைக்கான தாள்கள் அவர் கையிலிருந்து வரும். அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வரிசையில் நிற்காமல் என் அறைக்கு வருவார். ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் ஒரு கரண்டி உறைமோர் கேட்டால் இல்லை என்றா சொல்வோம்? ஒரு வார்த்தை கேட்டார், கொடுத்தேன்.

காவலர்களை நோயாளிகளாகவும் பார்த்தேன். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கும் குன்றக்குடி உத்திரத்துக்கும் பந்தோபஸ்து போட்டால், மறுநாள் கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறி, தூக்கமில்லாத கண்களோடு வருவார்கள். அவர்களில் ஒருவரிடம் நேராகவே கேட்டேன், எதற்கு அடிக்கிறீர்கள் என்று. "ரிகவரி இல்லை என்றால் மேலே என்ன சொல்வது டாக்டர்? சொத்துக்காரர் தினமும் போன் போடுகிறார்," என்றார். ரிகவரி என்பது காணாமல்போன பொருளை மீட்டுக் காட்டுவது. பிறகு வழக்கறிஞர் ஒருவர் விளக்கியபோதுதான் அந்தச் சொல்லின் எடை புரிந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. இரண்டு பிரிவு தள்ளி, 27இல், அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் சொன்னது செல்லும் என்றது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்த வாசல் அப்படியே இருக்கிறது. பேச்சுக்கு மதிப்பில்லை, பொருளுக்கு மதிப்பு உண்டு. அப்படியானால் பொருள் வரும்வரை என்பதுதான் கணக்கு. இது அடித்தவரை மன்னிக்கச் சொல்லும் காரணம் இல்லை. வீக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மருந்து தடவ எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவே.

அப்புறம் எங்கள் வெளிநோயாளிகள் வரிசை. கையில் மாவுக்கட்டோடு ஓர் இளைஞனைக் காவலர்கள் கூட்டிப்போகும்போது வரிசையில் சிரிப்பு எழும். "பாத்ரூம் வழுக்கியதா?" என்று ஒருவர் கேட்பார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சங்கிலி பறித்தவர்கள் இரண்டு கையிலும் கட்டோடு நிற்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து, மாவுக்கட்டு என்றாலே தமிழ்நாட்டில் ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் கழிவறைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. எங்கள் துப்புரவுப் பணியாளர் அதைப் பல வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்: "தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நான் ஒருநாளும் விழவில்லையே?"

ஓர் ஆச்சி சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வருவார். ஒருநாள் வளையல் காணோம் என்றார். பேரன் வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்துபோகிறானாம். "பிடித்து நாலு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான். இப்போதெல்லாம் கையை ஒடிக்கிறார்களே, அதுதான் சரி," என்றார். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஆச்சி முகம் மாறிவிட்டது. "ஐயையோ, ஸ்டேஷன் படியெல்லாம் ஏற முடியுமா? நீங்கள் கூட வருவீர்களா டாக்டரம்மா?" லத்தி மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. லத்தி வைத்திருப்பவர் எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்து வளையல் போன கதையைச் சொல்லத் தைரியம் இல்லை. கூடப் போனேன். மனு ரசீது வாங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் டாக்டர் என்று தெரிந்ததால் ஆச்சிக்கு நாற்காலி கிடைத்தது.

ஒரே ஒரு முறை சரியாக எழுதினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 28 வருடத்தில் ஒரு முறை. 2011. இருபது வயதுப் பையன். அன்று காலை 6 மணிக்குக் கைது என்று தாளில் இருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் தண்டவாளம் போல இரட்டைக் கோடுகள். தடியால் அடித்தால் அடி விழுந்த இடம் வெளிறி, இருபக்கமும் இரத்தம் ஒதுங்கி அப்படித்தான் பதியும். சில கோடுகள் புதியவை. சில பச்சை பாரித்திருந்தன. கன்றிய இரத்தம் பச்சை நிறத்துக்கு வர ஏறக்குறைய ஐந்தாறு நாள் ஆகும். கருத்த தோலில் இந்த நிறங்களைப் பிரித்தறிவது எளிதில்லை, அதனால் பகல் வெளிச்சத்துக்கு நகர்த்தி இரண்டு முறை பார்த்தேன். கைதான நபரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். இந்த முதுகு வேறு கணக்குச் சொன்னது. காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பையனிடம் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். காப்பி மாதிரி என்றான். நசுங்கிய தசையின் புரதம் சிறுநீரகத்தில் அடைப்பதன் அறிகுறி அது. தாமதித்தால் அடி நின்ற பிறகும் ஆள் சாவான். தகுதிச் சான்று தர மறுத்து, உள்நோயாளியாகச் சேர்த்தேன். கோடுகளின் நீளம், நிறம், எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதினேன்.

மாலையில் ஆய்வாளர் வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். டீ குடித்தார். "நிறத்தை மட்டும் விட்டுவிடலாமே டாக்டர்?" என்றார். நிறம்தான் நாள் காட்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. விடவில்லை. பெரிதாக எதுவும் நடக்கவில்லை; அடுத்த ஆறு மாதம் இரவில் போன் போட்டால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆறு வருடம் கழித்துச் சாட்சி சம்மன் வந்தது. போனால், வழக்கு சமரசம் ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

கைதானவரைப் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் குறித்து, அதன் நகலை அவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ மருத்துவர் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் இருந்தது. இப்போதைய சட்டத்தில் 53ஆம் பிரிவு. காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த 11 கட்டளைகளிலும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த நகலை எத்தனை பேர் கையில் கொடுத்தேன்? அந்தப் பையனுக்குக்கூடக் கொடுக்கவில்லை. நினைவே வரவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரே ஆய்வாளரையும் உதவி ஆய்வாளர்களையும் பற்றிப் பேசியது. நான் செய்தியில் வேறொரு வரியில் நின்றுவிட்டேன்: சிறைக்கு அனுப்பும் முன் அரசு மருத்துவமனையில் தகுதிச் சான்று பெறப்பட்டது. அந்தக் கையெழுத்து எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேசை, வரிசை, அவசரம், வாசலில் வண்டி. அதே ஸ்டேஷனில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, இருவரையும் அடித்ததைக் கண்டதாகச் சொன்னார். எனக்கிருந்த பாதுகாப்பில் கால்பங்குகூட அவருக்கு அன்றிரவு இருந்திருக்காது.

பிறகு 2025 ஜூனில் எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனம் அருகே மடப்புரம். கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயது அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். கோயிலுக்கு வந்தவர் நிறுத்தச் சொல்லி அவரிடம் சாவி கொடுத்த காரிலிருந்து நகை காணாமல் போனதாகப் புகார். மறுபடி சாவி, மறுபடி காவல் பார்க்கும் ஆள், மறுபடி ரிகவரி. முதலில் வலிப்பு வந்து விழுந்தார் என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள் என்று படித்தபோது, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிய மதுரை மருத்துவரை நினைத்துக்கொண்டேன். எண்ணத் தெரிந்த ஒருவர் கடைசியில்தான் கிடைக்கிறார்.

போன கார்த்திகையில் வீட்டுக் கழிவறையில் வழுக்கி விழுந்தேன். உண்மையாகவே. வலது கையை ஊன்றியதால் மணிக்கட்டு கவிழ்த்துவைத்த முள்கரண்டி போல வளைந்துவிட்டது. நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போனேன். பதிவேட்டின் முன் உட்கார்ந்திருந்த இளம் மருத்துவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படி ஆயிற்று என்று தலை நிமிராமல் கேட்டார். சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "எந்த ஸ்டேஷன் அம்மா?" என்றார். வரிசை சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

எக்ஸ்ரே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் பக்க எலும்பின் கீழ்நுனி நொறுங்கியிருந்தது. சுண்டுவிரல் பக்க எலும்பின் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை.