மெயில்பாக்ஸ் திறக்க அரை மணி, மெயில் போய்ச் சேர ஒன்பது நாள்

அலுவலக மெயிலைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றினோம். 14 பேருக்கும் அங்கே மெயில்பாக்ஸ் திறந்து பாஸ்வேர்டு கொடுக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. எங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை வெள்ளிக்கிழமை மாலை மாற்றினேன். எங்களுக்குள்ளேயே நாலு மெயில் அனுப்பிப் பார்த்தோம், உடனே வந்தது. நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன். ஒரே சர்வருக்குள் போய்வரும் மெயிலை யாரும் சோதிக்கப் போவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே ஆரம்பித்தது. அனுப்பிய கொட்டேஷன் வாடிக்கையாளருக்குப் போகவில்லை. இன்னொருவருக்குப் போயிருக்கிறது, ஆனால் ஸ்பேமில். திரும்பி வந்த அறிவிப்பு ஏதும் இல்லையா என்று கேட்டால், “இங்கிலீஷில் என்னவோ நீளமாக வந்தது, வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டேன்” என்கிறார் விற்பனைப் பிரிவுக்காரர். புதிய சர்வர் போட்டால் அந்த அறிவிப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் முதலிலேயே காட்டிவிடுங்கள். நான் காட்டவில்லை.

சர்வர் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: எங்கள் பக்கம் எல்லாம் சரி, பிரவுசர் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள். நான் பிரவுசரையே தொடவில்லை ஐயா என்று எழுதினேன். அடுத்த நாள் வேறொருவர் அதே பதிலைப் போட்டார். இப்படியே மூன்று நாள்.

பிறகு நானே உட்கார்ந்தேன். முதல் தப்பு என்னுடையது. எங்கள் பெயரில் வரும் மெயில் சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது டிமார்க். ஆர்வக் கோளாறில் அதில் எடுத்த எடுப்பிலேயே ‘ரிஜெக்ட்’ போட்டு வைத்திருந்தேன். சோதனையில் தேறாத மெயிலைத் திருப்பி அடி என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், அவர்களும் அடித்திருக்கிறார்கள். அதை ‘நன்’ (ஒன்றும் செய்யாதே) ஆக்கிவிட்டு என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பினேன். ஸ்பேமில் விழுந்தது. மெயிலின் முழு விவரத்தைக் காட்டும் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தால் எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) பக்கத்தில் ‘பெர்ம்எரர்’, அதாவது பட்டியலிலேயே பிழை. டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) பக்கத்தில் ‘ஃபெயில்’. மூன்று நாள் சப்போர்ட் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிட்டது.

பெர்ம்எரருக்குக் காரணம் அற்பமானது. பழைய ஹோஸ்டிங்கின் எஸ்பிஎஃப் வரியை அழிக்காமல் புதியதைச் சேர்த்திருந்தேன். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. சரி, ஒன்றாக்கினேன். மறுபடியும் பெர்ம்எரர்! பில்லிங் மென்பொருள், நியூஸ்லெட்டர் சேவை, பழைய ஹோஸ்டிங் என்று ஒவ்வொரு ‘இன்க்ளூட்’டும் (இவர்கள் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற சொல்) உள்ளே வேறு சிலவற்றைக் கூப்பிடுகிறது. மொத்தம் 10 தேடலுக்கு மேல் போகக் கூடாது, எங்களுடையது 12. பழைய ஹோஸ்டிங்கைத் தூக்கியதும் அடங்கியது.

டிகேஐஎம்தான் கண்ணைக் கட்டியது. கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியைச் சரியாகத்தானே ஒட்டினேன்? கடைசியில் டிஎன்எஸ்ஸில் (இந்த ரெக்கார்டுகள் எல்லாம் இருக்கும் பொதுப் பதிவேடு) இருந்ததை எடுத்து, அசல் சாவியின் கீழே வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். வால் காணோம். 2048 பிட் சாவி நீளமானது. டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டு 255 எழுத்துதான் கொள்ளும். சில பேனல்கள் தாமாகவே துண்டாக்கிக்கொள்ளும். எங்களுடையது மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை டிக் காட்டியது. மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் போட்டதும் ‘பாஸ்’. அன்றைக்கு டீ இரண்டு கப்.

அடுத்து ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது சர்வரின் ஐபி எண்ணிலிருந்து அதன் பெயரைக் காட்டும் பதிவு. அது நம் டிஎன்எஸ் பேனலில் இருக்காது, ஐபி யாருடையதோ அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டேன், செய்தார்கள். எம்எக்ஸ்ஸின் டிடிஎல்லை (பழைய விவரத்தை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) முன்கூட்டியே குறைக்காததால் முதல் நாள் மெயில் கொஞ்சம் பழைய சர்வரில் இறங்கியிருந்தது. பெட்டியிலிருந்து பெட்டிக்கு மெயிலை நகலெடுக்கும் ஐமேப்சிங்க்கை மறுபடி ஓட்டி எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும்போது கணக்குப் பிரிவு அக்கா வந்தார். “தம்பி, ஆறு வருஷ மெயிலைக் காணோம்.” பழைய சர்வரில் அவர் பெட்டியில் இருந்ததே நாற்பது சொச்சம் மெயில்தான், அதுதான் வந்திருக்கிறது. அவர் கணினியில் யாரோ எப்போதோ பாப்3 (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) போட்டு, சர்வரில் ஒரு நகல் வை என்பதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆறு வருஷமும் அந்தக் கணினியின் ஒரே ஒரு பிஎஸ்டி கோப்பில் (அவுட்லுக் மெயிலைச் சேர்த்துவைக்கும் கோப்பு). கணினியை மறுநாள் ஃபார்மட் செய்வதாக இருந்தோம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அவுட்லுக்கில் புதிய ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைக்கும் முறை) கணக்கைச் சேர்த்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டேன். பாதியில் நின்றுவிட்டது: நான் வைத்த கோட்டா 2 ஜிபி, அவரிடம் இருந்தது 3 ஜிபிக்கு மேல். இடம் மாறுவதற்கு முன் ஒவ்வொரு கணினி முன்னாலும் போய் உட்கார்ந்து பாப்3-ஆ ஐமேப்-ஆ என்று பார்த்துவிடுங்கள். சர்வரை மட்டும் பார்த்தால் தெரியாது.

வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளைப் புதிய சர்வரில் நான் திறக்கவே இல்லை. அதில் ஒருவருடைய முகவரியில்தான் எங்கள் டொமைன் பதிவே இருக்கிறது என்பது ரெஜிஸ்ட்ராரில் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) நுழையப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓடிப்போய் அந்த முகவரியை என் பெட்டிக்கு ஏலியஸ், அதாவது இன்னொரு பெயர், ஆக்கினேன். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் நேற்று அந்த வழியாகத்தான் வந்தது, நேராக இன்பாக்ஸுக்கு.