எங்கள் மனைப்பிரிவுக்குத் தாரா செரியன் பெயர் கிடைத்தது

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சிக்குள் வரும் புது மனைப்பிரிவு எங்களுடையது. மனை விற்றவர் விளம்பரத்தில் போட்ட பெயரைத்தான் ஆட்டோக்காரர் முதல் சிலிண்டர் போடுபவர் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாலைகளும் பூங்கா இடமும் தானப்பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போய்விட்டன. அப்படியானால் பெயரையும் ஊராட்சி வழியாகவே வைக்கலாமே என்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் பேச்சு எழுந்தது.

தாரா செரியன் பெயரை முன்வைத்தது நான். 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு முதல் பெண் மேயர் கிடைத்தது 1956-ல். அவர்தான் தாரா செரியன். அப்புறம் 1971-ல் காமாட்சி ஜெயராமன், 2022-ல் பிரியா. இத்தனை காலத்தில் மூன்றே பெண்கள்! 1967-ல் பத்மபூஷண் பெற்றவரின் பெயரைச் சங்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"சென்னை மேயருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், சாமி பேர் வைத்தால் தகராறே இல்லையே" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் உள்ளாட்சியில்தான் முடிவாகிறது. அதில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2016-ல். அதற்கு 60 ஆண்டு முன்பே மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர் என்று சொன்னேன். சிலர் "தாரா நகர்" போதும் என்றார்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தாரா என்றால் மனை விற்றவரின் மகள் பெயர் என்றுதான் நினைப்பார்கள்.

மனுவோடு மனைப்பிரிவு வரைபட நகல், சர்வே எண்கள், வீட்டுக்காரர்கள் கையெழுத்து, தாரா செரியனைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, இவ்வளவும் வைத்தோம். ஊராட்சி செயலரிடம் முன்கூட்டியே பேசி, அக்டோபர் 2 கிராம சபையின் கூட்டப் பொருளில் சேர்க்க வைத்தோம். இது ரொம்ப முக்கியம். குறைவெண்ணையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும், பார்த்துக்கொள்ள வேண்டும். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தாக வேண்டும். நூறு நாள் வேலை பற்றிய பேச்சு முடிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. எங்கள் பகுதிப் பெண்கள்தான் பக்கத்தில் இருந்தவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தலைவர் எங்கள் குறிப்பைக் கையில் வாங்கி, மைக்கில் முழுவதும் வாசித்தார். எதிர்ப்பு யாரும் சொல்லவில்லை. செயலர் தீர்மானப் புத்தகத்தில் "தாரா நகர்" என்று எழுத ஆரம்பித்ததை எட்டிப் பார்த்த தலைவர், பேனாவின் மேல் கையை வைத்துவிட்டார். "முழுப் பேரும் எழுதுங்க சார். நாளைக்கு என் பேரையும் பாதியாத்தான் எழுதுவீங்களா?" பந்தலில் கைதட்டல் எழுந்தது. சங்கத்தில் நான் பேசிய அத்தனை பேச்சையும்விட அந்த ஒரு கேள்வி பெரியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். தீர்மானம் ஒன்றிய அலுவலகம் போய், அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் போனது. நடுவில் கோப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில், தீர்மான நகலை இணைத்து மனு கொடுத்து ரசீது வாங்கிய பிறகே நகர்ந்தது.

இப்போது வீட்டு வரி ரசீதில் "தாரா செரியன் நகர்" என்று வருகிறது. மின் இணைப்பு, ஆதார் முகவரியை அவரவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். சான்றொப்பமிட்ட தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். பூங்கா வாசல் பலகையில் பெயருக்குக் கீழே "சென்னை மாநகராட்சியின் முதல் பெண் மேயர், 1956-57" என்று ஒரு வரி சேர்க்க ஊராட்சியைக் கேட்டிருக்கிறோம். பலகைச் செலவு சங்கத்துடையது.