நோட்டில் ஒரு சிவப்புச் சுழி

"அப்பா, இதுல என்னங்க தப்பு?"

'ஐ லைக் ரீடிங், மியூசிக் அண்ட் டு ஸ்விம்.' மகளின் நோட்டில் 'டு ஸ்விம்' மேல் மட்டும் சிவப்புச் சுழி.

ரீடிங் என்பது ஜெரண்ட், நம் தொழிற்பெயர் மாதிரி. வினையில் பிறந்தாலும் பெயராக நிற்கும். அதனால் மியூசிக்கோடு ஒரே வரிசையில் வரலாம். 'டு ஸ்விம்' வேறு உருவம். 'ஸ்விம்மிங்' ஆக்கினால் சரி.

சொல்லிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

திண்ணையில் சீமாறு கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "விடிஞ்சா எனக்கென்ன வேலை கண்ணு? மாடு கறக்கறது, தண்ணி கட்டறது, பொள்ளாச்சி சந்தைக்குப் போறது."

மகள் அந்த 'றது'களை விரல்விட்டு எண்ணினாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் பேச்சில் இந்த வரிசை ஒருநாளும் பிசகியதில்லை. அதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். இலக்கணப் புத்தகமெல்லாம் அப்புறம்தான்.

மகள் அழித்து எழுதினாள்: 'ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் மியூசிக்.'